பதினொன்று என்று எழுதினேன்

புவெர்ட்டோ மோன்ட்டில் ஜூலை மாதம்
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் சொல்வோம்.
அன்று நிற்கவில்லை.

என் வேலை தராசு.
கம்பளிப் பொதிகளை நிறுத்துக்கொண்டிருந்த கிழட்டு இரும்பை
விமானக் கம்பெனி ஏலத்தில் எடுத்து
பச்சை வண்ணம் அடித்திருந்தது.
ஒவ்வொருவராய் ஏறுவார்கள்
ஈரக் கோட்டோடு, தொப்பியோடு,
பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற முகத்தோடு.
முள் காட்டுவதை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை.
எழுதுவேன், அவ்வளவுதான்.
எனக்கு முன்பிருந்தவன்
நீதிபதி மனைவியின் எடையை உரக்கப் படித்து
வேலையை இழந்தவன்.

பதினேழு பேர் அன்று.
பல் வைத்தியர் மன்சீயா எழுபத்திரண்டு,
பெட்டியில் பிறருடைய பற்கள் மூன்று கிலோ.
கன்னியாஸ்திரீகள் இருவர் ஒன்றாய் ஏறிவிட்டார்கள்;
தனித்தனியாக, சகோதரிகளே, என்றேன்.
சின்னவள் சிரித்த சிரிப்பில் முள் ஆடியது.

கடைசியாக எடெல்மிரா பாரியா.
கொய்ஹைக்கேயில் தையல் வேலை கிடைத்திருக்கிறதாம்.
போர்வைக்குள் குழந்தை மாதிரி
தையல் மிஷினின் தலை.
பத்தொன்பது.
அனுமதி பதினொன்று.
மிச்சத்துக்குக் கட்ட அவளிடம் காசில்லை,
கேட்க எனக்கும் மனமில்லை.
பதினொன்று என்று எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் அவள் பார்த்தாள்
என் சட்டைக் கையில் பொத்தான் இல்லாததை.
மேசைக்கு மேலாகவே கையைப் பிடித்து
நீல நூலால் தைத்து
பல்லால் கடித்து அறுத்தாள்.
லஞ்சமில்லை அது.
முதலில் எழுதினேன், பிறகுதான் தைத்தாள்.
இந்த வரிசையை
எத்தனையோ இரவுகள் சரிபார்த்திருக்கிறேன்.

நாற்பது நிமிஷம் கழித்து
ரேடியோ அறையில் கேப்டன் எபென்ஸ்பெர்கரின் குரல்,
கடையில் ரொட்டி கேட்பவர் போல:
இடது எஞ்சின் போய்விட்டது. திரும்புகிறேன்.
பிறகு: இறக்கையில் பனி ஏறுகிறது.
பிறகு: உயரம் நிற்கவில்லை.
பிறகு கூரைத் தகரத்தில் மழை.
ஆப்பரேட்டர் ஓயார்சோ
அழைத்துக்கொண்டே இருந்தான் இருட்டும் வரை.
அவன் குடிக்காத காப்பியை
நான் எடுத்துக் குடித்தேன். ஏனென்று தெரியாது.

தெளிந்த வானத்தில்
ஒற்றை எஞ்சின் போதும் என்றார்கள்.
வானம் தெளியவில்லை.
பனி நானூறு கிலோ இருந்திருக்கும் என்றார்கள்.
அதை எந்தத் தராசில் ஏற்றினார்களோ.

பதினாறாம் நாள்
அலெர்சே மரம் வெட்டப் போனவர்கள் கண்டார்கள்.
மனிதர்களை மாதாகோவிலுக்குக் கொண்டு போனார்கள்.
பொருள்களை என்னிடம் கொண்டுவந்தார்கள்.
விசாரணைக்கு எல்லாவற்றையும் நிறுக்க வேண்டுமாம்.
தலைநகரிலிருந்து வந்த இளைஞன்,
சேறு குடித்த சப்பாத்து, ஓயாத இருமல்,
எனக்கு முதுகைக் காட்டி
சன்னலோரம் உட்கார்ந்து எழுதினான்.
ஒரு பற்பெட்டி. ஒரு ஜெபமாலை.
பிறகு மிஷின்.
கைப்பிடிச் சக்கரம் மட்டும் வளைந்திருந்தது.

எவ்வளவு? என்றான்.

ஒன்பது வருஷ உத்தியோகத்தில்
முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னேன்:
பத்தொன்பது.

என் பேரேடு அவன் முழங்கையருகே திறந்தே கிடந்தது.
அவன் இருமினான்.
"பழைய இரும்பு" என்று எழுதி
அடுத்தது என்றான்.

அறிக்கை வசந்தத்தில் வந்தது.
சிலிண்டர் வெடிப்பு. பனி. மலை.
எடை விதிகளுக்கு உட்பட்டே இருந்தது.
மேலதிகாரி என் தோளில் தட்டினார்.

எல்லாரையும் நிறுத்தேன்.
யாரையும் நிறுத்தவில்லை.

இப்போது மீன் சந்தையில் கணக்கு எழுதுகிறேன்.
ஒரு நல்ல சால்மன் எட்டு கிலோ.
ஒரு கூடைச் சிப்பி எட்டு கிலோ.
என் மகளின் பையன் போன மாதம் எட்டு கிலோ ஆனான்;
தூக்கு என்று நீட்டினாள்.
ஈரக்கை என்று சொல்லித்
துணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.