பெரிய ‘என்’

மேக்கன் நகரம், ஜார்ஜியா, 1912.
சவப்பெட்டிக் கடையின் பின்னறையில்
மிதி அச்சு இயந்திரம், மண்ணெண்ணெய் வாடை.
விடிந்தால் ரயில்.

லுவேனியா பிராட்னாக்ஸ் எழுதிய தலையங்கத்தை
ஹெஸக்கையா டில்லர்ட் ஈய எழுத்துகளில் கோக்கிறார்.
மூன்றாம் பத்தியில் கை நிற்கிறது.
“அம்மா, பெரிய ‘என்’ தீர்ந்துவிட்டது.”

வெள்ளையர் பத்திரிகை ஒன்று
எடைக்குப் போட்ட எழுத்துகள் அவை.
அவர்களுக்கு அது அதிகம் தேவைப்பட்டதில்லை:
நவம்பர், நியூயார்க்,
எப்போதாவது நோரா என்றொரு மணமகள்.
நீக்ரோ என்ற சொல்லுக்குச் சின்ன ‘என்’ போதும் அவர்களுக்கு,
கலப்பைக்கும் கோவேறு கழுதைக்கும்
சின்ன எழுத்து போதுவதைப்போல.

“சின்னதையே போடட்டுமா? படிக்கிறவர்களுக்குப் புரியும்.”
அவள் நிமிரவில்லை.
“புரியும். அதுதான் பயம்.”

வேண்டியது பதினான்கு. இருப்பது ஒன்பது.
ஹெஸக்கையா விளக்கைத் தூக்கிக்கொண்டு
கடைசிக் குழிக்குப் போகிறார்.
அங்கே தூசியில் ஐந்து ‘இஸட்’.
பக்கவாட்டில் சாய்த்து,
இடைவெளியில் ஈயத் தகடு செருகி,
சுத்தியால் மெல்லத் தட்டுகிறார்.
மயிரிழை குட்டை, சற்றே நொண்டல்,
ஆனாலும் நிற்கின்றன.

ஐவரி குட்லோ, தூங்கும் பெட்டிப் பணியாளர்,
தலையணை உறைகளுக்கு அடியில் கட்டுகளை வைக்கிறார்.
அலபாமாவில் பைன்பிசின் எடுக்கும் முகாமொன்றில்
நாற்பது பேருக்கு ஒருவர் உரக்கப் படிக்கிறார்.
காதுக்குப் பெரியதும் சின்னதும் ஒன்றே.
அதனால் அந்தச் சொல் வரும்போதெல்லாம்
நிறுத்திச் சொல்கிறார்: “பெரியது.”
பின்வரிசையிலிருந்து ஒரு பெண்: “காட்டு.”
தாள் கை மாறுகிறது.
பிசின் ஒட்டிய விரல்
நொண்டும் எழுத்தொன்றின் மேல் நிற்கிறது,
எடுக்க மனமில்லாமல்.

திங்களன்று துணை ஷெரிஃப் வந்தார்.
கலவரம் தேடி வரிவரியாகப் படித்தார்.
பன்றிக்கொழுப்பு விலை, மாதாகோவில் விருந்து,
பள்ளி வரி பற்றி ஒரு புலம்பல்.
“அச்சுப் பிழை நிறைய இருக்கிறதே.”
“திருத்திக்கொண்டே இருக்கிறோம் ஐயா,” என்றாள் லுவேனியா.

என் மொழியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது.
இதைப் பெருமையாக எழுத வந்தேன்.
பிறகு என் முதல் படியைப் பார்த்தேன்:
ஹெஸக்கையா ‘கோக்கிறான்’.
யாரும் சொல்லித்தரவில்லை,
கை தானாகவே ‘ன்’ போட்டிருந்தது.
அதே கை
துணை ஷெரிஃபுக்கு ‘வந்தார்’ என்றது.
பிராட்னாக்ஸ் அம்மாள்
என் வினைமுற்றுகளையும் மெய்ப்புப் பார்த்திருப்பாள்.

அடுத்த புதன்.
எழுத்துகளைக் காரநீரில் கழுவி
ஒவ்வொன்றாகக் குழியில் சேர்க்கிறார் ஹெஸக்கையா.
‘என்’ ஒன்பதும் ‘என்’ குழிக்குள்.
ஐந்து இஸட்டுகளைச்
சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்து
அவற்றையும் அங்கேயே போடுகிறார்.