பின்கம்பி

பெட்ரோல் டேங்கைத் தொடக் கூடாது.
அது வண்டியின் வயிறு.
சீட்டில் கை ஊன்றக் கூடாது.
கண்ணாடியை, சாமி சத்தியமா, கூடவே கூடாது:
கடைசியாக அவர்கள் தங்களைப் பார்த்துக்கொண்ட கோணம் அது.
பின்னால் ஒரு கம்பி இருக்கும்,
அதைப் பிடி.

வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் பக்கம்
தகரக் கூரை ஸ்டாண்டில்
ஒன்பது வருசமாக டோக்கன் கிழிக்கிறேன்.
எனக்கு ஓட்டத் தெரியாது.
முந்நூறு வண்டி நிற்கிற இடத்தில்
நானூற்றிப் பத்து நிற்கும்.
தூக்காமல் எப்படி?
பின்கம்பியில் ஒரு கை, முட்டியால் ஒரு தள்ளு,
கோபித்துக்கொண்ட மாடு மாதிரி
அரை அடி நகரும்.

சைடு லாக் போடாமல் போகிறவர்கள்
என்னை நம்புகிறவர்கள்.
போட்டுவிட்டுப் போகிறவர்களும் நம்புகிறார்கள்,
என் தோள்பட்டையை.

போன ஆவணியில் ஒரு பையன்,
சீட்டில் பாலிதீன் பிரிக்காத புது வண்டி,
ஹாண்டில்பாரில் எலுமிச்சம்பழம்.
"எவன் கை வச்சது? இன்னா தைரியம்?"
ஏழு மணி ரயில் கூட்டம் மொத்தமும் நின்று வேடிக்கை பார்த்தது.
நான்தான் நைனா, என்றேன்.
காலையில் ஓரமா விட்ட வண்டி
தானா நடுவுக்கு நடந்து வந்துச்சா?
டேங்க்கில என் விரல் ரேகை ஒண்ணு காட்டு,
டோக்கன் காசைத் திருப்பித் தர்றேன்.
குனிந்து தேடினான்.
ரொம்ப நேரம் தேடினான்.
பிறகு எலுமிச்சம்பழத்தை நேராக்கிக்கொண்டு போய்விட்டான்.

ரயிலை விட்டவர்கள் யார் சீட்டிலாவது சாய்வார்கள்,
விரட்டுவேன்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆக்சிலேட்டரை முறுக்கி
வாயாலேயே வண்டி ஓட்டுவார்கள்,
விரட்டுவேன்.
கண்ணாடியைத் திருப்பாமல்
தாங்களே குனிந்து பொட்டு ஒட்டிக்கொள்கிற பெண்களை
நான் பார்க்கவில்லை.

தூணோரம் இருநூற்று அறுபத்து மூன்று.
தை பிறந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை விட்டுப் போனார்.
டேங்க்கில் சிவப்பில் 'பவளம்' என்று எழுத்து.
கரி படிந்தது.
அடியில் பூனை மூன்று குட்டி போட்டது.
துடைத்துவிடலாமா என்று தினமும் தோன்றும்.
துடைப்பதும் தொடுவதுதான்.
பின்கம்பி மட்டும் பளபளவென்று இருந்தது,
நகர்த்தி நகர்த்தி.

வைகாசியில் ஒருத்தன் வந்தான்,
கசங்கிய டோக்கன், ஆர்.சி. புக், ஆதார் ஜெராக்ஸ்.
"அண்ணன் வண்டிக்கா."
அவரு?
"வர மாட்டாருக்கா."
மேலே கேட்பது என் வேலை இல்லை.
நூற்றிப் பத்தொன்பது நாள் வாடகை.
குத்தகைக்காரர் பாதியைத் தள்ளினார்,
மீதியைப் பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி வைத்தான்.
அப்புறம் வண்டிக்கு ஒரு முழம் தள்ளியே நின்றான்,
சாவி கையில்.
"சின்ன வயசுல ஹாரன் அடிச்சதுக்கே
காதைத் திருகிட்டாருக்கா."
சிரித்தான். நானும்.
மேலே தாம்பரம் வண்டி போகிற அறிவிப்பு.
"தொடலாமாக்கா?"

என்னையா கேட்கிறான்?
டோக்கன் அவனிடம், அடிக்கட்டை என்னிடம்.
இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
கிழிந்த ஓரம் பொருந்தியது.
கம்பியிலேர்ந்து ஆரம்பி, என்றேன்.

ஸ்டார்ட் ஆகவில்லை.
தள்ளிக்கொண்டு போனோம், அவன் முன்னால்,
நான் பின்கம்பியில், கேட் வரைக்கும்.
கண்ணாடி வானத்தைப் பார்த்தே இருந்தது,
அண்ணன் இவனைவிட உயரம் போல.
அவன் திருப்பவில்லை.
பின்னால லாரி வந்தா தெரியாதுப்பா, என்று
வாய் வரை வந்தது.
எம்.சி. ரோடு பக்கம் திரும்பிப் போனான்,
கரி படிந்த டேங்க்கில்
ஐந்து விரல்.

நான் வருவதற்குள் தூணோரத்தில்
ஒரு ஸ்கூட்டி வந்து நின்றுவிட்டது,
குட்டிகள் அதன் அடியில்.
சைடு லாக் போட்டிருந்தது.