மூச்சு எண்ணுதல்

தலைமையகத்திலிருந்து படிவம் வந்தது:
சபை ஆரோக்கியம், சுயமதிப்பீடு.
இருபத்திரண்டு கேள்விகள். ஒன்று முதல் ஐந்துவரை புள்ளி.
செயலாளர் நான்தான்,
போன வருடம் வேறு யாரும் கை உயர்த்தாத காரணத்தால்.

இரவு வேலை முடித்து வந்த சீருடையோடு
வெள்ளவத்தை வீட்டு மேசையில் இருந்தேன்.
தேத்தண்ணி ஆடை கட்டிவிட்டது.

வருகை?
பதிவேட்டில் நூற்றுப் பதினான்கு பேர்.
வாங்குகளில் அறுபது, மழை இல்லையென்றால்.
மிச்சப்பேர் ஸ்காபரோவிலும் ஹரோவிலும்;
நத்தாருக்குக் காணிக்கை வரும், குடும்பப் படத்தோடு.
பெயர்களை வெட்டப் போதகருக்கு மனமில்லை.
சிவப்புப் பேனையை எடுத்துப் பார்த்தேன்.
எனக்கும் இல்லை.

கட்டடம்?
ஜன்னல் கம்பியைக் கடற்காற்று தின்கிறது,
பிரசங்கத்தை ரயில்.
பாணந்துறை வண்டி கடக்கும்போது
போதகர் வாக்கியத்தின் நடுவில் நின்று காத்திருப்பார்.
அந்த அரை நிமிடத்தில்தான்
எல்லோரும் சேர்ந்து இருமுவோம்.
ஒருமனப்பாடு பற்றிய கேள்விக்கு
இதை எழுதலாமா தெரியவில்லை.

பதினோராம் கேள்வி:
புதியவர்களை வரவேற்கிறீர்களா?
"ஐந்து போடும் தங்கச்சி" என்றார் பொருளாளர் குலேந்திரன்.
கடைசி வாங்கில்
பொகவந்தலாவையிலிருந்து வந்த
புடவைக்கடைப் பிள்ளைகள் ஏழு பேர்.
மூன்று வருடமாகப் புதியவர்கள்.

ஏழா, ஆறா?
கேட்டது நானில்லை, போதகருமில்லை.
வாசலில் பைகளைத் திறந்து பார்க்கும் சுனிமல்,
ஒருநாளும் உள்ளே வராதவர்.
"மிஸ், அந்தக் கத்தரிக்கோல் பிள்ளை எங்க?
அஞ்சு ஞாயிறு. சாமான் என்னட்ட இருக்கு."
லாச்சியை இழுத்தார்.
கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய கத்தரிக்கோல்,
அதற்கடியில் துண்டில்
சிங்கள எழுத்தில் அவள் பெயர்: சுகிர்தா.
அந்தப் பெயரை அன்றைக்குத்தான் வாசித்தேன்.

காலி வீதிக் கடையொன்றின் மேல்மாடியில்
பாயில் எழுந்து உட்கார்ந்தாள்.
டெங்கு.
ஆறு நாள் பெரியாஸ்பத்திரியில்,
என் வார்டுக்கு இரண்டு மாடி கீழே.
பிறகு படியிறங்கத் தெம்பில்லை.
மற்ற ஆறு பேரும்
மதியச் சாப்பாட்டு நேரத்தில் முறைபோட்டு
அவளருகே இருந்திருக்கிறார்கள்.
செவ்விளநீருக்குக் காசு சேர்த்திருக்கிறார்கள்.
ராத்திரி லிஃப்ட் பக்கத்தில் நின்று ஜெபித்ததற்கு
தாதியொருத்தி ஏசினாளாம்.
எந்தத் தாதி என்று நான் கேட்கவில்லை.

பயிற்சிக் காலத்தில் மேட்ரன் சொல்வா:
மூச்சை எண்ணப் போவதை நோயாளிக்குச் சொல்லாதே,
சொன்னால் மூச்சு மாறிவிடும்.
மணிக்கட்டைப் பிடி, நாடி பார்ப்பதுபோல் இரு,
கண்ணை நெஞ்சில் வை.
ஒரு நிமிடம் முழுசாய் எண்ணு.
கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதே.

நாங்கள் பெருக்கியே பழகிவிட்டோம்.

பதினொன்றுக்கு ஒன்று போட்டு அனுப்பினேன்.
இரண்டு கிழமையாய்க் குலேந்திரன் அண்ணர்
என்னோடு கதைக்கவில்லை.

இந்த ஞாயிறு கடைசி வாங்குக்குப் போனேன்.
நெருக்கி அமர்ந்து இடம் விட்டார்கள்.
தூண் மறைக்கிறது; போதகரின் இடதுகை மட்டும் தெரியும்.
மேலே மின்விசிறி இல்லை,
அது தொங்கிய கொக்கி இருக்கிறது.
முன்வாங்கிலிருந்து இதையெல்லாம் யார் கண்டது?

ரயில் வந்தது. பிரசங்கம் நின்றது.
கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி
உதடு அசையாமல் எண்ணத் தொடங்கினேன்.
எட்டு, ஒன்பது, பத்து...
சுகிர்தா என் காதருகே குனிந்தாள்:
"என்னக்கா, போரடிக்குதா?"

எண்ணிக்கை தவறிவிட்டது.