எட்டுத் தடம், மூன்று நாள்

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது,
மெத்தைத் துண்டில் சுற்றி,
கண்டக்டருக்கு இருநூறு ரூபாய் தனியாக.
மூன்று நாள் வைத்துப் பாருங்கள், என்றார் நிஸ்தார்,
பிடித்தால் காசு,
பிடிக்காவிட்டால் அதே பஸ்.

தலவாக்கலையில், உரக்கடைக்கு மேல்மாடி,
முட்டை அட்டை ஒட்டிய சுவர்.
நானும் எட்வினும் மூச்சைப் பிடித்து
மேசையில் ஏற்றினோம்.

முதலில் ஹெட்டின் வயதைக் கேட்டேன்.
இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தினால்
மறைக்கத் தெரியாமல் சொல்லிவிடும்:
ஆயிரத்து எழுநூற்று நாற்பது மணி.
நிஸ்தார் சொன்னது அறுநூறு.
கொப்பியில் எழுதினேன்,
சிவப்பில்.

புது நாடாவைப் போட்டதும் பாட்டுக்கு இடமில்லை.
நாற்பது நிமிடம்
வெறும் நேரத்தை எழுதிக்கொண்டு ஓடுகிறது,
கொழுந்தெடுக்கு முன் நிரை பிரிப்பது போல
எட்டு நிரை,
ஒன்றின் எல்லையை ஒன்று மிதிக்காமல்.
அதற்குள் இரண்டு பிளேன்டி.

மருதவீரன் அடுப்பில் காய்ச்சிய தப்போடு வந்தார்.
பழைய மெஷின் பொறுக்கும்;
முள் சிவப்பில் சாய்ந்தாலும்
கொஞ்சம் சூடேறி, கொஞ்சம் தடித்து
அழகாகப் பொய் சொல்லும்.
இது பூச்சியம் வரைக்கும் நேர்மை.
பூச்சியத்தைத் தாண்டிய ஒரே அடியில்
கண்ணாடி நொறுங்கியது ஹெட்போனுக்குள்.
கொஞ்சம் குறைத்து அடிங்களேன், என்றேன்.
"தப்பைக் குறைச்சு அடிக்கிறதா?
நீங்க மைக்கைத் தள்ளி வைங்க."
நாலடி தள்ளி வைத்தோம்.
அவர் சொன்னதுதான் சரி.

இரண்டாம் நாள், தபால் கந்தோர் மூடிய பிறகு
தெய்வநாயகி பாடினாள்.
ஒரு சொல் மட்டும் தாழ்ந்தது. 'வராதே'.
அந்த ஒரு சொல்லுக்குள் இறங்கி
ஏறினோம் ஒன்பது தடவை.
தையல் எங்கே என்று தேடினேன்;
காதுக்கு அகப்படவில்லை.
"மத்த எட்டு வராதேயும் எங்கே?"
அதுக்கு மேலேயே எழுதிட்டேன்.
அவள் சால்வையை இழுத்துவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு மணி கேட்டாள்.

இரவு ஏழு மணிக்கு ஊரே சமைக்க,
கரண்ட் நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியது.
பல்பு மஞ்சளாச்சு. மெஷின் அசையவில்லை.
இது பச்சையில் எழுதினேன்.

மூன்றாம் நாள் காலை
பனி யன்னலைத் தாண்டி உள்ளே இருந்தது.
பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு விளக்கு:
ஈரம்.
நாடாவைத் தொட மாட்டேன் என்று நின்றுவிட்டது.
தலவாக்கலையில் ஈரமில்லாத நாளை
எந்தக் கலண்டரில் காட்டுவது?
எட்வின் பலகைப் பெட்டிக்குள் அதை இறக்கி
அறுபது வாட் பல்பைக் கொளுத்தினான்,
கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி.
ஒன்றரை மணி நேரம்
ஒரு யந்திரம் சூடாகும்வரை
கைகட்டி உட்கார்ந்திருந்தோம்.

விளக்கு அணைந்தது.
எட்டாம் தடத்தை யாரும் பாடாமல் பதிந்தேன்,
மைக் மட்டும் திறந்து.
சத்தத்தை முழுசாக ஏற்றிக் கேட்டால்
தகரத்தில் மழை, துளி துளியாய்.
கீழே கடையில் யூரியா மூட்டை எண்ணுகிறார்கள்,
தெகாய், துனாய், ஹதராய்.
எட்வினின் நாற்காலி.
என் மூக்கு.
பதினொரு வருடம் நாடாவின் இரைச்சல் என்று
நான் திட்டியதில்
பாதி மழை.

மைக்கைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை.
ஒன்றுமில்லை.
பழைய மெஷினில் ஒன்றுமில்லாமைக்கும் ஒரு சத்தம் இருந்தது.
இதில் காதைக் கழற்றி வைத்தது போல.
இதை எந்த நிறத்தில் எழுதுவது?
பேனாவை மூடினேன்.

மாலை நிஸ்தாரின் அழைப்பு.
எப்படி மெஷின்?
மெஷின் நல்லது, கணக்குத்தான் பிழை.
ஹெட்டில் ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்பது மணி,
ஒன்பது எங்களுடையது,
மற்றதற்கு நீங்கள் பொறுப்பு.
பதினெட்டாயிரம் குறையுங்கள்.
அந்தப் பக்கம் நீளமாய் ஒரு இருமல்.
பன்னிரண்டு, என்றார்.
பதினைந்து, என்றேன்,
பல்புச் செலவு என் பக்கம்.