ஆகவே

வீகோ துறைமுகத்துக்கு எதிரே
எங்கள் காப்பீட்டு அலுவலகம்.
படிவத்தின் பதினோராவது கட்டம்: காரணம்.
இருபது எழுத்துக்கு மேல் அது வாங்காது.

லோயிஸுக்கு இடது கையில் இரண்டு விரல் போயிற்று.
சிப்பி வளர்க்கும் மிதவை;
கயிறு அறுந்து உருளை திரும்பியிருக்கிறது.
“கவனக்குறைவு என்று போடு, சபேலா,
நாலு மணிக்குள் அனுப்பிவிடலாம்” என்றார் எலாதியோ.
கெட்டவர் இல்லை. நாலரைக்கு அவருக்கு ரயில்.

சரியென்று உட்கார்ந்தேன்.
என் பத்து விரலும்
விசைப்பலகைமேல் சும்மா இருந்தன.

சந்தியாகோவில் இரண்டாம் ஆண்டு.
கல்லுக்கும் பாசி பிடிக்கிற மழை.
ஓர் அரைப் பக்கத்தோடு எட்டு வாரம்,
ஏழே பேர்.
அதில் ஒரு ‘ஆகவே’யைத் தாண்ட முடியாமல்
பதினைந்து நாள் கிடந்தோம்.
முன் வரியிலிருந்து பின் வரிக்கு
யார் பாலம் போட்டது என்று ஷியானா கேட்க,
பாலமே இல்லை, தாவல்தான் என்று நான் கத்த,
காப்பி ஆறிப்போகும்.

பட்டம் வாங்கி வந்த அன்று
தம்பி பிரெய்ஷோ கேட்டான்:
“இதுக்கு எத்தனை கிலோ சிப்பி தருவாங்க?”
வீடே சிரித்தது. நானும்தான்.
பதில் இன்றைக்கும் தெரியாது.

கயிறு போன வருஷமே மாற்றியிருக்க வேண்டியது.
விலை விழுந்ததால் முதலாளி தள்ளிப்போட்டார்.
விலை ஏன் விழுந்தது, அது தனிக் கதை.
முந்தின இரவு குழந்தைக்குக் காய்ச்சல்,
லோயிஸ் தூங்கவில்லை.
அன்றைக்குக் காற்றும் இருந்தது.
இத்தனை இழையில் முறுக்கிய ஒன்றில்
ஓர் இழையை மட்டும் உருவி
இதுதான் அறுந்தது என்பதா?
அதுவும்
பணம் தர வேண்டாத இழையாகப் பார்த்து?

கட்டத்தைக் காலியாக விட்டேன்.
தனித்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதி இணைத்தேன்.
எலாதியோ ரயிலைத் தவறவிட்டார்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தது:
கட்டத்துக்குள் எழுதவும்.
அதே தாளை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.
இந்த முறை, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பயத்தோடு.
மாதத் தவணை எனக்கும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னேன்.
பிரெய்ஷோ சிரிக்கத் தயாராகத்தான் இருந்தான்.
பிறகு எழுந்துபோய்
தன் மிதவைக் கயிற்றை எடுத்துவந்து
விளக்கடியில் பிரித்துப் பிரித்துப் பார்த்தான்.

“நல்லாத்தானே இருக்கு” என்றான்.
சற்றுப் பொறுத்து,
“ஆகவே?” என்றேன்.

அவன் பேசவில்லை.
தட்டில் சிப்பிகள்
வாய் திறந்து கிடந்தன.