நான்காய் மடித்த சீட்டு

சிலோயே தீவில் எங்கள் இருவருக்கும்
ஒரே பெயர்தான்: தச்சர்.
கூலி கொடுக்கும்போது மட்டும்
வித்தியாசம் நினைவுக்கு வரும் ஊருக்கு.

நான் வீடு கட்டுகிறவள்.
மழையில் நின்று அறுப்பேன்.
விரற்கடை தப்பினால் ஆணி இழுத்துக்கொள்ளும்,
ஆணி விட்டதைப் பலகை மூடும்,
பலகை விட்டதை ஜூலைக் காற்று கண்டுபிடிக்கும்.
அதற்குள் கூலியை வாங்கியிருப்பேன்.

நொல்பெர்த்தோ
கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறவன்.
நான் தும்மினால் முறைப்பான்.
ஆணியே இல்லாத ஓர் அலமாரி,
பதினோரு இழுப்பறை,
இரண்டு குளிர்காலத்தைத் தின்றது.
ஒன்றை மூடினால் இன்னொன்று
தானாக ஒரு நூல் வெளியே வரும்,
உள்ளே அடைபட்ட காற்று தள்ளி.
அதைக் காட்டத்தான் விருந்துக்கே கூப்பிடுவான்.

கரை சரிந்த வருஷம் வீட்டையே நகர்த்தினோம்.
எங்கள் பக்கத்து வழக்கம் அது:
உருளைக் கட்டைகள், பதினாறு ஜோடி எருது,
அக்கம்பக்கம் அத்தனை பேர், ஆப்பிள் கள்.
மேடேறும்போது
வீடு பிள்ளை பெறுகிறவள்போல் கத்தியது.
உள்ளே அலமாரியைக் கட்டிப்பிடித்தபடி அவன்.
"உடையப்போகிறது, எடெல்மீரா!"
கத்துகிற வீடு உடையாது என்றேன்.
அசைய இடம் விட்டுத்தான் அடித்திருந்தேன்,
சோம்பல் என்று அவன் சொன்னானே, அதே இடம்.

புது நிலத்தில் இறங்கியது.
போனது ஒரு கண்ணாடிதான்.
அலமாரியில் கீறல்கூட இல்லை.
ஏழு அறைகள் திறக்கவில்லை.

இரவெல்லாம் இழைப்புளியைத் தீட்டினான்.
விடிந்ததும் பிடுங்கி வைத்தேன்:
"பெட்டியைத் தொடாதே. தரைதான் கோணல்."

தரையடியில், சேற்றில் மல்லாந்து
ஆப்பு அடித்தேன்.
மேலே இழுப்பறைப் பிடியில் அவன் கை.
குதிகாலால் தட்டுவான்:
ஒரு தட்டு, இன்னும். இரண்டு, போதும்.
ஒவ்வொன்றாய் வழிவிட்டன. ஆறு.
ஏழாவதற்கு
ஆப்பு அடித்தால் அதிகம், எடுத்தால் குறைவு.
அப்படியோர் அளவு உலகத்தில் உண்டென்று
அன்றுதான் நம்பினேன்.

பலகை இடுக்கு வழியே ஒரு சீட்டு இறங்கியது,
நான்காய் மடித்து.
(என் தரையில் இடுக்குக்கா பஞ்சம்?)
ஆப்பின் தலையில் வைத்து ஒரே அடி.

மேலே
மரத்தில் மரம் வழுக்கும் சத்தம்.

அது மன்சில்யா கடைக் கணக்குச் சீட்டு.
எருதுக்காரர்களுக்கு அவித்த உருளைக்கிழங்கு
எத்தனை மூட்டை என்று அதில்தான் இருந்தது.
கேட்டு வரும்போதெல்லாம்
வீடு அதன்மேல் நிற்கிறது என்கிறோம்.
மன்சில்யா ஒன்பது மூட்டை என்கிறார்.
ஆறு, ஏழு இருக்கும் என்கிறேன் நான்.
நொல்பெர்த்தோ சொல்கிறான்:
ஏழு மூட்டை, பதினாலு கிழங்கு.