பதினெட்டு வரை

நௌஷாத் என்ற பையன்
பெட்டியோடு மாடி ஏறி வந்து
கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி கேட்டான்.
குழாயைச் செருகினான், வாரை இறுக்கினான்,
என் கன்னத்தருகே காதை வைத்துக் கேட்டான்.
"லீக் ஆகுதுக்கா. மூக்குத்தியைக் கழட்டணும்."

சிசேரியனுக்கே
பிளாஸ்டர் ஒட்டி மறைத்தார்கள், கழற்றவில்லை.
முப்பது வருடத் திருகு.
தேங்காயெண்ணெய், சோப்பு நுரை,
கடைசியில் பூபாலனின் குறடு.
கண்ணாடியில் பார்த்தால்
யாரோ என் மூக்கை இரவல் வாங்கிப் போய்
துடைத்துத் திருப்பித் தந்ததுபோல் இருந்தது.

முதல் ராத்திரி இருபது நிமிடம்.
ஓடும் மின்சார ரயிலின் வாசலில் நின்று
வாயைத் திறந்தால் மோதுமே, அந்தக் காற்று.
மூக்கில் நுழைந்து வாய் வழியே இறங்கிப் போகிறது.
புல்லாங்குழல் ஆனேன் என்று எழுத ஆசைதான்.
ஆனது என்னவோ
கொன்னூர் நெடுஞ்சாலை பஞ்சர் கடையில்
தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பார்க்கும் டியூப்.

மூன்றாம் நாள் காலை
மாஸ்க் தலையணைக்கு அடியில் கிடந்தது.
கழற்றியது யாரென்று எனக்கு ஞாபகமில்லை.

பேட்டரி கடையில்
டிஸ்டில்டு வாட்டர் கேட்டேன்.
"இன்வெர்ட்டருக்காம்மா?"
"இல்லைங்க. மூக்குக்கு."

பொம்பளை குறட்டை விடலாமா என்று
யாரும் நேராகக் கேட்டதில்லை.
சிரித்தார்கள், அவ்வளவுதான்.
நாத்தனார் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போனபோது
பெர்த் இருந்தும் விடியவிடியக்
கதவோரம் நின்றேன்.
கோவில்பட்டி தாண்டியதும்
இப்போதுதான் எழுந்தவள் மாதிரி பல் தேய்த்தேன்.

ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை
வில்லிவாக்கம் கவுன்டரில்
சில்லறையை எண்ணிக்கொண்டே தூங்கிவிட்டேன்.
கண்ணாடியை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினார் ஒருவர்.
"மேடம், ஆவடி ரெண்டு. மேடம்."
வரிசையில் யாரோ வீடியோ எடுத்தார்களோ என்று
ஒரு வாரம் பயந்தேன்.
அப்புறம்தான் டாக்டர், தலையெல்லாம் ஒயர், ரிப்போர்ட்.
மணிக்கு நாற்பத்தொரு முறை மூச்சு நிற்கிறதாம்.
நாற்பத்தொன்று.
காலை எட்டரைக்குக்கூட
அத்தனை வண்டி நிற்பதில்லை எங்கள் ஸ்டேஷனில்.

பத்தொன்பதாம் நாள். ஐப்பசி மழை.
தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒருமுறை இருமிவிட்டு அணைந்தது.
முகத்தின் மேல் வெறும் ரப்பர். புழுக்கம்.
பிய்த்து எடுத்து உட்கார்ந்தேன்.
பூபாலன் இருட்டில் விழித்திருந்தார்.

"நீ படு. கரண்ட் வர்ற வரைக்கும் நான் எண்றேன்."

"எதை?"

"பதினெட்டு வரைக்கும் எண்ணுவேன்.
அதுக்குள்ள மூச்சு வந்துரும் உனக்கு.
வரலைன்னா தோளைத் தட்டுவேன்."

"எப்போலேருந்து?"

"சின்னவ பொறந்ததுலேருந்து."

சின்னவள் காலேஜ் இரண்டாம் வருடம்.

தோளில் கை படும்.
அசதியா இருக்கு, இன்னைக்கு வேணாம் என்று
தள்ளிவிட்டிருக்கிறேன் அந்தக் கையை.
ஒருமுறை மட்டுமா.
வெட்கமில்லையா உங்களுக்கு என்றுகூட
ஒரு சித்திரை ராத்திரி கேட்டிருக்கிறேன்.
ஒன்றும் சொல்லாமல்
தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.
போய் அங்கிருந்து எண்ணினாரா என்று
இப்போது கேட்க வாய் வரவில்லை.

மூன்று இருபதுக்கு விளக்கு வந்தது.
எதிர்வீட்டு மோட்டார் எழுந்தது, எங்கள் ஃபிரிட்ஜ் எழுந்தது.
நானே வாரை மாட்டினேன், நானே பொத்தானை அழுத்தினேன்.
கடைசித் தவணை கட்டி முடித்தவர்போல
இரண்டே நிமிடத்தில் தூங்கிப்போனார் அவர்.
மழைக்கு மேலே அவர் மூச்சு
ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது.
இருந்தாலும் கொஞ்ச நேரம் எண்ணினேன்.

மூக்குத்தித் துளை தூர்ந்துவிடக் கூடாதென்று
வேப்பங்குச்சி கிள்ளிச் செருகியிருந்தேன்.
அதன் ஓரமாய்த் துளியூண்டு காற்று கசிந்தது.
நௌஷாத்திடம் சொல்லப்போவதில்லை.